பழைய பொம்மை ரயிலைச் செப்பனிடுதல்

பணியின் பொருட்டோ வாணிகத்தின் பொருட்டோ தமிழகத்தை விட்டு வந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், எளிதில் திறக்கப்படாத டிரங்குப் பெட்டி ஒன்றேனும் இருப்பது வழக்கம். ஊர் மாற்றல் வரும்போதெல்லாம் அது லாரியில் ஏற்றப்படும். புதிய வீட்டில் கட்டிலுக்கு அடியிலோ பரண்மீதோ இறக்கப்படும். அதனுள் இருப்பவை விலைமதிப்புக் கருதிக் காக்கப்பட்டவை அல்ல. பாட்டியின் பல்லாங்குழியும் சோழிப் பையும், மங்கிப்போன கல்யாணப் பத்திரிகைகளும், எவருக்கும் பயன்படாத ஒரு வெண்கலக் கும்பாவும் அதில் இருக்கும். சில இல்லங்களில் இவற்றினிடையே, தகரத்தால் செய்த பொம்மை ரயில் ஒன்றும் கிடக்கும். முன்பு சாவி கொடுத்தவுடன் கூடத்தைச் சுற்றி வந்த அந்த ரயில், இன்று துருவேறி அசையாது கிடக்கிறது. அதனை என்ன செய்வது? பழைய இரும்பு வாங்குபவரிடம் போட்டுவிடுவதா? வர்ணம் பூசிப் புதியது போலாக்குவதா? உள்ளவாறே ஓடச் செய்வதா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

நம் நாட்டில் பொம்மை ரயில் என்றவுடன் டார்ஜிலிங் மலை ரயிலும் உதகை ரயிலும் நினைவுக்கு வருகின்றன. அவை மெய்யான ரயில்களே. 1881-இல் டார்ஜிலிங்கை எட்டிய பாதையின் அகலம் 610 மில்லிமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் அமைந்த பாதையின் அகலம் ஒரு மீட்டர். நாம் இங்கு எடுத்துக்கொண்டது இவற்றை அன்று. இரு கைகளுக்குள் அடங்கும் எஞ்சினும், ஒன்றோடொன்று செருகக்கூடிய தண்டவாளத் துண்டுகளும், இரண்டோ மூன்றோ பெட்டிகளும் கொண்ட விளையாட்டுப் பொருளையே குறிப்பிடுகிறோம்.

இப்பொருளின் வரலாறு சுவையானது. ஜெர்மனியில் கோப்பிங்கன் என்னும் ஊரில் 1859-இல் தோன்றிய மார்க்லின் நிறுவனம், 1891-இல் லைப்ஸிக் சந்தையில், அளவு வரையறுக்கப்பட்ட பொம்மைத் தண்டவாளங்களைக் காட்சிக்கு வைத்தது. அதன் பயன் பெரிது. ஓராண்டில் எஞ்சினும், மறு ஆண்டில் இரண்டு பெட்டிகளும், அதற்கடுத்த ஆண்டில் ஒரு நிலையமும் என்று சிறுகச் சிறுக வாங்கிச் சேர்க்க இயன்றது. குழந்தையின் ரயில் ஆண்டுதோறும் வளரும் பொருளாயிற்று. அவ்வளவுகளுள் மிகுதியும் பரவியது ‘ஓ’ எனப்படும் அளவு. அதில் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 32 மில்லிமீட்டர். அமெரிக்காவில் ஜோஷுவா லயனல் கவன் என்பார் 1900-இல் தொடங்கிய லயனல் நிறுவனம் மின்சார ரயில்களால் புகழ் பெற்றது. இங்கிலாந்தில், மெக்கானோ என்னும் இணைப்பு விளையாட்டுக்கு 1901-இல் காப்புரிமை பெற்ற பிராங்க் ஹார்ன்பி என்பார், லிவர்ப்பூல் நகரத் தொழிற்சாலையிலிருந்து 1920-இல் பொம்மை ரயில்களை வெளியிடலானார். 1938-இல் அந்நிறுவனம் 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறிய ரயிலையும் கொணர்ந்தது. லிவர்ப்பூலின் அத்தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது. ஆயினும், அங்கும் பிற நாடுகளிலும் செய்யப்பட்ட ரயில்கள் ஆங்கிலேயர் குடும்பங்களோடும் வணிகரோடும் கடல் கடந்து நம் நாட்டுத் துறைமுக நகரங்களை அடைந்திருந்தன. அவற்றுட் சில நம்மவர் கைக்கும் வந்தன.

ஒரு பொருளைச் செப்பனிட விழைவோர், அது எவ்வாறு செய்யப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நாம் தகரம் என்று வழங்குவது, வெள்ளீயம் பூசிய மெல்லிய எஃகுத் தகடாகும். பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசும் தொழிலை நம் தெருக்களில் பலரும் கண்டிருப்போம், கருத்து அதுவே. தட்டையான தகட்டின்மீது எஞ்சினின் வர்ணம், ஜன்னல், ஆணி வரிசை, எண் ஆகியவை அனைத்தும் கல்லச்சு முறையில் அச்சிடப்பட்டன. அச்சு உலர்ந்தபின் தகடு எந்திரத்தால் வெட்டி மடிக்கப்பட்டது. ஒரு தகட்டின் விளிம்பில் உள்ள சிறு நாக்குகளை மற்றொன்றின் துளைகளில் நுழைத்து வளைத்துவிட்டால் வண்டி உருவாகிவிடும். பற்றவைப்பும் திருகும் மிகக் குறைவு.

இவ்வமைப்பிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, அந்நாக்குகள் பலமுறை வளைத்தலைத் தாங்கா. இரண்டு மூன்று முறை நிமிர்த்தி மடித்தால் முறிந்துவிடும். ஆகவே தேவையின்றி வண்டியைப் பிரித்தல் ஆகாது. இரண்டாவது, துருவைப் பற்றியது. வெள்ளீயப் பூச்சு முழுமையாக இருக்கும்வரை எஃகைக் காக்கும். அதில் கீறல் விழுந்துவிட்டாலோ, வெளிப்பட்ட எஃகே முதலில் அரிக்கப்படும். துத்தநாகம் பூசிய வாளியில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. அங்கே துத்தநாகம் தான் அழிந்து எஃகைக் காக்கிறது. பொம்மை ரயிலில் நகக்கீறல் அளவான காயத்திலிருந்தும் துரு பூச்சின் அடியில் ஊர்ந்து செல்வதற்குக் காரணம் இதுவே.

இனி, எஞ்சினின் உள்ளுறுப்புகளைக் காண்போம். சாவி கொடுத்து ஓடும் எஞ்சினின் உயிர், சுருட்டி வைத்த ஒரு நீண்ட எஃகுப் பட்டை. சாவியைத் திருகும்போது அது இறுகுகிறது. அது உடனே பின்னோக்கி அவிழாதவாறு ஒரு பற்சக்கரமும், அதன் பற்களில் விழும் சிறு தடுப்பும் காக்கின்றன. சாவி கொடுக்கையில் எழும் ‘கடகட’ ஒலி அத்தடுப்பின் ஒலியே. இறுகிய வில் அவிழ முயலும் விசை, பல் சக்கரங்களின் வழியே அச்சுக்குச் சென்று சக்கரங்களைச் சுழற்றுகிறது. சில எஞ்சின்களில் வேகத்தை மட்டுப்படுத்தும் உறுப்பும் உண்டு. நம் பாட்டனார் காலத்துச் சுவர்க் கடிகாரமும் இந்த எஞ்சினும் ஒரு குலத்துப் பிறந்தவை என்று கூறினால் மிகையாகாது.

செப்பனிடுதல் என்னும் ஒரு சொல்லினுள் மூன்று வேறு செயல்கள் அடங்கியுள்ளன. அழுக்கையும் துருவையும் நீக்கிக் கேடு பரவாமல் தடுத்தல் ஒன்று. பழுதடைந்த உறுப்பை மாற்றி ஓடச் செய்தல் மற்றொன்று. தோற்றத்தைப் புதியதாக்குதல் மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றாகக் கருதுவதாலேயே நல்ல பழம்பொருள்கள் பல கெடுகின்றன.

மெய்யான எஞ்சின்களைச் செப்பனிடுவோர்க்கு இவ்வுரிமை வேறு வகையாக அமைகிறது. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்ட ‘இ.ஐ.ஆர். 21’ என்னும் நீராவி எஞ்சின், நெடுங்காலம் காட்சிப் பொருளாக நின்றபின், சென்னைப் பெரம்பூர்ப் பணிமனையில் 2010-இல் மீண்டும் ஓடும் நிலைக்குக் கொணரப்பட்டது. அத்தகைய எஞ்சினில் நீராவியின் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய உறுப்புகளில் பழைமைக்கு இரக்கம் காட்ட இயலாது. நம்பத் தகாத பகுதி நீக்கப்பட்டே தீரும்; மனித உயிர் அதனைப் பொறுத்திருக்கிறது. பொம்மை ரயிலுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. எனவே அதில் எதை மாற்றலாம் என்பதைவிட, எதை மாற்றாமல் விடலாம் என்பதே தக்க வினா.

எங்கள் இல்லத்திலும் அத்தகைய ரயில் ஒன்று உண்டு. 1953-இல் கல்கத்தாவில் அலுவல் பார்த்த எங்கள் பாட்டனார், தாய்நாடு திரும்பிய ஓர் ஆங்கிலேயர் விற்ற வீட்டுப் பொருள்களோடு அதனை வாங்கி, எட்டு வயதுச் சிறுவராக இருந்த எங்கள் தந்தையாருக்கு அளித்தார். முப்பது ஆண்டுகள் கழித்து அது உடன்பிறந்தாராகிய எங்கள் கைக்கு வந்தது. கல்கத்தாவிலிருந்து நாகபுரிக்கும், அங்கிருந்து தில்லிக்கும் எங்களோடு மாற்றலாகி வந்தது. அண்மையில் அதனைச் செப்பனிட முற்பட்டபோது நாங்கள் கைக்கொண்ட முறைகளை, பிறருக்கும் பயன்படுமெனக் கருதி, வரிசையாகக் கூறுகிறோம்.

முதற்பணி, கருவியைக் கையில் எடுப்பதன்று; கண்ணால் காண்பதே. வண்டியை எல்லாப் பக்கங்களிலும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிக்கும் ஒவ்வொரு திருகையும், எங்கிருந்து எடுத்தது என்று எழுதிய உறையில் தனித்தனியே இடவேண்டும். ஒரு திருகு தரையில் உருண்டோடிவிட்டால், அதற்கு ஈடானதை இன்று கடையில் பெறுதல் அரிது.

அடுத்தது தூய்மை. மென்மையான தூரிகையால் தூசியை நீக்கியபின், சற்றே நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் துடைத்து, உடனே உலர்த்துதல் போதும். மண்ணெண்ணெய் போன்றவற்றை அச்சிட்ட பகுதியில் இடுமுன், வண்டியின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் ஒரு துளி வைத்துச் சோதிக்க வேண்டும். வர்ணம் துணியில் ஒட்டுமாயின் அதனை அறவே விலக்குக. இங்கு நம் இல்லத்தரசியர்க்கு ஒரு சொல். பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளக்கச் செய்யும் புளி, இந்தத் தகரத்திற்கு நஞ்சாகும். புளியின் அமிலம் வெள்ளீயத்தையும் எஃகையும் அரித்துவிடும். சாம்பலும் செங்கல் தூளும் அச்சையே தேய்த்துவிடும்.

துருவைக் களைகையில் பொறுமை வேண்டும். எஃகு நாரால் தேய்த்தால் துருவுக்கு முன்னே வர்ணம் போய்விடும். துருப் பிடித்த இடத்தில் மட்டும் ஒரு துளி மெல்லிய எண்ணெய் இட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டினால் மேல் துரு உதிரும். அடியில் தங்கும் கருநிறக் கறையை விட்டுவிடலாம். தண்டவாளங்களில் வர்ணம் இல்லையாதலால் அங்கே நுண்ணிய உப்புத்தாளைப் பயன்படுத்தத் தடையில்லை. அவற்றின் முனைகளில் உள்ள ஊசிகள் வளைந்திருப்பின் நிமிர்த்துதல் இன்றியமையாதது. ரயில் தடம் புரள்வது பெரும்பாலும் அவ்விடத்திலேதான்.

உள்ளுறுப்பைத் தொடுமுன் ஓர் எச்சரிக்கை. இறுகிய வில்லில் விசை ஒளிந்திருக்கிறது. சக்கரங்களைக் கையால் பற்றிக்கொண்டு, சிறிது சிறிதாக விட்டு, வில் முற்றும் தளர்ந்தபின்னரே திருகுகளைக் கழற்ற வேண்டும். துருவினால் சக்கரம் அசையாது நிற்க, வில் இறுகியே இருக்குமாயின், அதனை நாமே பிரித்தல் தகாது. திடீரென விடுபடும் எஃகுப் பட்டை விரலைக் கிழித்துவிடும்.

எங்கள் எஞ்சின் அந்நிலையில்தான் இருந்தது. கரோல் பாக் பகுதியில் பழைய கடிகாரங்களைப் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் அதனை எடுத்துச் சென்றோம். அவர் அதனைக் காதருகே வைத்துச் சாவியை மயிரிழையளவு அசைத்துக் கேட்டார். பின்னர், “வில் நலமாக இருக்கிறது, பாபுஜி, எண்ணெய்தான் இறந்துவிட்டது” என்று இந்தியில் சொன்னார். அவர் கூறியது முழு உண்மை. பல ஆண்டுகள் கிடந்த மசகு, பிசினாக உறைந்து பற்சக்கரங்களைப் பிடித்திருந்தது. பழைய எஞ்சின்கள் பல ஓடாமைக்குக் காரணம் உறுப்பு உடைந்தமையன்று; அதன்மீது அன்பினால் அளவின்றி ஊற்றிய எண்ணெயே. தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயும் தையல் எந்திர எண்ணெயும் ஒன்றல்ல. முன்னது நாளடைவில் கெட்டியாகிப் பிசுபிசுக்கும். பழைய மசகைக் கரைத்துத் துடைத்தபின், அச்சுகள் சுழலும் துளைகளில் மட்டும் ஊசிமுனையால் ஒரு துளி மெல்லிய எண்ணெயும், வில்லின்மீது சிறிதளவு கிரீஸும் இடுதல் போதுமானது. மிகுந்தால் தூசி சேரும். தூசி சேர்ந்தால் பழைய கதையே.

சக்கரங்களில் வேறொரு நோய் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பல பொம்மைகளின் சக்கரங்கள் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்யப்பட்டன. அக்கலவையில் காரீயம் போன்ற மாசு சிறிதளவு கலந்துவிட்டாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகத்தின் உள்ளே அரிப்பு உண்டாகி, அது பருத்து, விரிசல் கண்டு, இறுதியில் பொடியாகும். ஈரமும் வெப்பமும் அதனை விரைவாக்கும். இந்நோய்க்கு மருந்தில்லை. எங்கள் ரயிலில் நிலக்கரிப் பெட்டியின் ஒரு சக்கரம் இவ்வாறு பிளந்திருந்தது. அதற்கு ஈடாகப் பித்தளையில் ஒன்றைக் கடைந்து பொருத்தினோம். பழைய சக்கரத்தை எறிந்துவிடாமல், மாற்றிய ஆண்டைக் குறித்த சீட்டோடு ஓர் உறையில் இட்டுப் பெட்டியில் வைத்தோம். பின்வருவோர் எது பழையது, எது நாம் சேர்த்தது என்று அறிய வேண்டுமல்லவா?

மின்சாரத்தால் ஓடும் பழைய ரயில் உடையோர்க்கு இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்க மின்மாற்றி 110 முதல் 120 வோல்ட்டுக்கு அமைந்தது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதனை நேரே செருகினால் கருகிவிடும். பழைய கம்பிகளின் மேலுறையும் உதிரும் இயல்பினது. தகுதியுடைய மின்பணியாளர் சோதிக்கும்வரை அதனை இயக்காதிருத்தலே அறிவுடைமை.

மற்றொரு தீங்கும் உண்டு. பழைய வர்ணங்களில் காரீயம் கலந்திருத்தல் இயல்பு. நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2016-இல்தான் வகுக்கப்பட்டது. ஆகவே பழைய பொம்மையின் வர்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்குதல் கூடாது. வாயில் பொருள்களை வைக்கும் பருவத்துக் குழந்தையிடம் அதனைக் கொடுத்தலும் கூடாது. தொட்டபின் கை கழுவுதல் நன்று.

இவை அனைத்தும் முடிந்தபின் எஞ்சியது வர்ணம் பற்றிய வினா. எங்களுக்குள் கருத்து வேற்றுமை எழுந்ததும் இங்கேதான். சென்னையில் உள்ள எங்கள் தமக்கையார், பேரனுக்குத் தருவதாயின் புத்தம் புதிதாக மின்ன வேண்டும் என்றார். கார்களுக்கு வர்ணம் தெளிக்கும் பட்டறையில் ஒரே நாளில் முடித்துத் தருவதாகவும் கூறினர். அவர் கூற்றில் நியாயம் இல்லாமற் போகவில்லை. துருவேறிய பொம்மையைக் கண்டு எந்தக் குழந்தை மகிழும்? விளையாடுவதற்கென்று பிறந்த பொருளைக் கண்ணாடிப் பேழையில் பூட்டி வைத்தல் அதற்குச் செய்யும் சிறப்பாகுமா?

எங்கள் தந்தையாருக்கு இப்போது எண்பது வயது. சில ஆண்டுகளாகப் பார்வை மிகவும் மங்கிவிட்டது. தூய்மை செய்து கொணர்ந்த வண்டிகளை அவர் மடியில் வைத்தோம். அவர் எஞ்சினைத் தடவினார்; அதன் கூண்டின் மேலே இருந்த பள்ளத்தில் விரலை நிறுத்தி, “இது மாடிப்படியில் விழுந்தது” என்றார். பிறகு நிலக்கரிப் பெட்டியைக் கவிழ்த்து, அதன் அடியில், எட்டு வயதில் தாம் ஆணியால் கீறிய தம் பெயரை எழுத்தெழுத்தாக விரலால் தொட்டுப் படித்தார். கல்கத்தாவில் தமிழ்ப் பள்ளிக்குச் செல்லாது, வீட்டில் தம் தாயாரிடம் எழுதக் கற்ற எழுத்துகள் அவை. ஓர் எழுத்துக்குக் கொம்பு தலைகீழாக இருந்தது.

வர்ணம் பூசுமுன் பள்ளங்களைத் தட்டி நிமிர்த்துவர்; கீறல்களை மக்கு இட்டு அடைப்பர்; மேலே தடித்த பூச்சு அமரும். கண்ணுக்கு அழகாகும், விரலுக்கு ஒன்றும் எஞ்சாது. இதனைத் தமக்கையாரிடம் தொலைபேசியில் தெரிவித்தபோது, அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “பேரனுக்கு வேறு ரயில் வாங்கிக்கொள்ளலாம்” என்றார். வண்டிக்கு வர்ணம் பூசவில்லை. வெளிப்பட்ட எஃகின்மீது மட்டும், பின்னாளில் நீக்கத்தக்க மெழுகு மிக மெல்லிதாக இட்டோம்.

எல்லாருக்கும் இதுவே முடிவாக வேண்டுமென்பதில்லை. அச்சு முழுவதும் அழிந்து தகடு மட்டும் எஞ்சியிருந்தால், மீண்டும் வர்ணம் பூசுதல் அதற்குக் காப்பாகவே அமையும். ஆயினும் ஒன்று உறுதி: பூசாது விட்டதை நாளையும் பூசலாம், பூசியதை நீக்கிப் பழைய அச்சைப் பெற எவராலும் இயலாது. மீட்க இயலாத செயலைக் கடைசியில் செய்க என்பதே இத்தொழிலின் முதல் விதி.

செப்பனிட்டதைப் பேணும் முறை நாம் வாழும் ஊரைப் பொறுத்தது. மும்பை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் போன்ற நகரங்களில் ஈரமும் உப்பும் சேர்ந்து துருவை வளர்க்கும். தில்லியில் கோடை வறண்டிருந்தாலும் மழைக்காலத்து ஈரம் போதிய கேடு செய்யும். பரணும் வெளிச்சுவர் அலமாரியும் தக்க இடங்கள் அல்ல. பழைய செய்தித்தாளில் சுற்றுதல் வழக்கம்; அதன் அமிலமும் மையும் பொருளில் ஏறும். வெளுத்த பருத்தித் துணியே நன்று. மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைப் பெட்டியில் இட்டு, மழைக்காலந்தோறும் மாற்றலாம். ரப்பர் வளையத்தால் கட்டுதல் ஆகாது. அது உருகி ஒட்டிக் கறைப்படுத்தும். பூச்சிக்கு இடும் நாப்தலின் உருண்டை சிலவகைப் பிளாஸ்டிக் உறுப்புகளை இளக்கிவிடும். வில்லை இறுக்கிய நிலையில் வைத்தலும் கூடாது. ஆண்டுக்கு இருமுறை வெளியே எடுத்து, சிறிதளவு சாவி கொடுத்து ஓடவிட்டால் எண்ணெய் உறையாது.

நேயர்கள் இல்லங்களில் இத்தகைய பெட்டி இருக்குமாயின், அடுத்த மாற்றல் உத்தரவு வரும்வரை காத்திராமல், ஒரு விடுமுறை நாளில் அதனைத் திறந்து பார்க்குமாறு வேண்டுகிறோம். அப்பொருளை முதலில் கையாண்ட பெரியவர் உடனிருந்தால், துடைக்கும் துணியை எடுக்குமுன் அதனை அவர் கையில் கொடுங்கள். எந்தப் பள்ளம் எப்போது விழுந்தது, எந்தக் கீறல் எவருடையது என்று அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். துருவை அடுத்த மாதமும் நீக்கலாம். அக்குறிப்பை அவரிடமிருந்துதான் பெற இயலும்.